மருந்துச் சீட்டு இல்லாத சிகிச்சை: வடசென்னையில் உளச்சிகிச்சையாளரின் பணி

மனத்துயரோடு வரும் ஒருவருடன், முறையான பயிற்சி பெற்ற இன்னொருவர், குறித்த இடைவெளிகளில், இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு நோக்கத்தை முன்வைத்து நடத்தும் தொடர் உரையாடலுக்கு உளச்சிகிச்சை என்று பெயர். பேச்சுவழக்கில் கவுன்சிலிங் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் இப்பணி, அறிவுரை கூறுவதிலிருந்தும் ஆறுதல் சொல்வதிலிருந்தும் வேறுபட்டது. ஒருவருடைய அச்சமோ சோர்வோ துக்கமோ குடிப்பழக்கமோ எப்படித் தோன்றியது, எவற்றால் இன்றும் நீடிக்கிறது என்பதை அவரோடு சேர்ந்து கண்டறிந்து, அதைத் தளர்த்தும் வழிகளைப் படிப்படியாகப் பழகச் செய்வது அதன் வேலை. இராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை, ஒருபுறம் கடலும் மறுபுறம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைகளும் ஆலைகளுமாக நீளும் வடசென்னைப் பகுதியில் இப்பணியைச் செய்பவருக்கு, பாடநூலில் அதிகம் பேசப்படாத ஒரு கேள்வி நாள்தோறும் எதிரே வந்து நிற்கிறது: வந்திருப்பவரின் துயரில் மனத்தின் பங்கு எவ்வளவு, அவர் வாழும் இடத்தின் பங்கு எவ்வளவு? இதைக் கேட்காமலேயே சிகிச்சையைத் தொடங்குபவர், ஆலைக் கழிவும் கடனும் நிலையற்ற ஒப்பந்த வேலையும் உண்டாக்கிய துயரை, வந்தவரின் குணக்கேடாக அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடக்கூடும். எல்லாவற்றுக்கும் சூழலே காரணம் என்று கைவிரித்துவிடுபவரோ, அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நிவாரணத்தை மறுத்தவராகிறார்.

இப்பணியில் ஈடுபடுவோரின் கல்விப் பின்னணி ஒரே வகைப்பட்டதன்று. எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றவர் மனநல மருத்துவர். உளவியலில் முதுகலை முடித்தபின், மருத்துவமனைச் சூழலில் மூத்தவர்களின் மேற்பார்வையோடு இரண்டாண்டு எம்.பில். பயிற்சி பெற்று, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொண்டவர் மருத்துவ உளவியலாளர். மனநலத் துறையில் தனிப்பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களும் உண்டு. இம்மூவருள் மருந்து எழுதும் தகுதி மருத்துவருக்கு மட்டுமே உரியது, உளச்சிகிச்சையோ உரிய பயிற்சி பெற்றிருந்தால் மூவருக்கும் பொதுவானது. இவர்களுக்கு வெளியே, ஆலோசகர் என்ற பெயர்ப்பலகையை மட்டும் தகுதியாகக் கொண்டு அமர்ந்திருப்போரும் இருக்கிறார்கள். அவர்களை நெறிப்படுத்தும் முயற்சி, நலவாழ்வுத் துறையின் துணைநிலைத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் நிறைவேறிய பிறகே வடிவம் பெறத் தொடங்கியது.

துறையின் வரலாறு இங்கு மிகச் சுருக்கமாகவே தேவைப்படுகிறது. வியன்னாவில் பிராய்டும் பிராயரும் 1895இல் வெளியிட்ட நோயாளி வரலாறுகளிலிருந்து, பேசுவதே சிகிச்சையாக முடியும் என்ற எண்ணம் பரவியது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையொன்றில், வந்தவரின் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையின்றி அவரை மதித்தல், சிகிச்சையாளர் தம்மளவில் பொய்மையின்றி இருத்தல் ஆகியவற்றை மாற்றத்துக்கு அடிப்படையானவையாக வைத்தார். 1960களில் ஆரன் பெக் வகுத்த முறை, ஒரு நிகழ்ச்சிக்கும் அதனால் எழும் உணர்ச்சிக்கும் நடுவில் மின்னலாய்த் தோன்றி மறையும் எண்ணங்களைப் பிடித்து ஆராய்வது. சிபிடி என்ற சுருக்கப் பெயரால் இன்று உலகெங்கும் வழங்கும் சிந்தனை–நடத்தைச் சிகிச்சைக்கு அது முக்கிய ஊற்று. எந்த முறையானாலும், எதை அடைய வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பவற்றில் இருவருக்கும் உடன்பாடும், இருவருக்குமிடையே நம்பிக்கையும் இருந்தாலன்றிப் பலன் குறைவு என்பதை 1979இல் எட்வர்ட் போர்டின் வரையறுத்துச் சொன்னார்.

இந்த முறைகள் தனிமனிதரை மையமாகக் கொண்ட சமூகங்களில் உருவானவை என்பதை இந்திய மருத்துவர்கள் வெகு முன்னதாகவே கவனித்தார்கள். இங்கே வருபவர் சிகிச்சையாளரிடம் ஒரு குடும்பப் பெரியவரின் வழிகாட்டுதலை எதிர்பார்க்கிறார் என்பதை என்.சி. சூர்யாவும் எஸ்.எஸ். ஜெயராமும் 1964இல் எழுதினர், ஜே.எஸ். நேகி 1973இல் குரு–சீடர் உறவையே சிகிச்சை உறவுக்கு ஒரு மாதிரியாக ஆராய்ந்தார். தமிழ்நாட்டில் இந்தத் திசையில் எடுத்து வைக்கப்பட்ட உறுதியான அடி வேலூரில் நிகழ்ந்தது: கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950களில் தொடங்கப்பட்டபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கேற்கும் ஏற்பாடு அங்கே உருவாகி, பின்னர் நாட்டின் பிற மருத்துவமனைகளுக்கும் முன்மாதிரியாயிற்று. காசிமேட்டிலிருந்து மகளை அழைத்துவரும் தாய், மகளுக்கு முன்பாகவே பேசத் தொடங்கிவிடுவதைக் குறுக்கீடாகக் கருதாமல், முதற்பகுதியைக் குடும்பத்தோடும் அடுத்த பகுதியை வந்தவரோடு தனியாகவும் வைத்துக்கொள்ளும் சிகிச்சையாளர், அறிந்தோ அறியாமலோ அந்த மரபைத் தொடர்பவரே.

பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலத் துறை இப்பகுதி மக்களுக்கு மிக அண்மையிலுள்ள இலவச வாயில். ஆனால் மனத்துயர் கொண்டவர்களில் பெரும்பாலோர் நேராக அந்த வாயிலுக்கு வருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, கைகால் அசதி, வயிற்றில் ஏதோ புரள்கிறது என்று பொது மருத்துவரிடம் போய், இசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட பின்பே அவர்கள் அனுப்பிவைக்கப்படுகிறார்கள். ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல் அவர்களை ஆற்றுவதற்குப் பதில் அவமதிப்பதாகவே படுகிறது, ஏனென்றால் வலி உண்மையானது. தேர்ந்த சிகிச்சையாளர், வலியை மறுக்காமல், அது எந்த நேரத்தில் கூடுகிறது, அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன பேச்சு நடந்தது, அன்று கையில் காசு இருந்ததா, முந்தைய இரவு தூங்கினாரா என்று உடலின் வழியாகவே மனத்துக்குச் செல்கிறார். மனசு பேஜாராகக் கிடக்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேஜார் காலையில் எப்படி, இரவில் எப்படி, அது வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று அவருடைய சொல்லையே கையிலெடுத்துக் கேட்பது, மனச்சோர்வு என்ற மருத்துவப் பெயரை உடனே சூட்டுவதைக் காட்டிலும் கூடுதல் விவரங்களைப் பெற்றுத் தரும். வடசென்னைப் பேச்சைக் கேலிக்கும் வன்முறைக்குமான அடையாளமாகவே திரைப்படங்கள் பல காட்டிவந்திருக்கும் நிலையில், நகரின் வேறு பகுதியில் வளர்ந்து இங்கே பணிக்கு வரும் சிகிச்சையாளரின் முகத்தில் ஒரு கணம் தோன்றும் தயக்கத்தைக்கூட வந்தவர் படித்துவிடுவார். ஆகவே, தாம் எந்தத் தெருவில், எந்தச் சாதியில், எத்தகைய வசதியோடு வளர்ந்தோம் என்பதையும், அது தம் காதில் எதை விழவிடாமல் செய்கிறது என்பதையும் சிகிச்சையாளர் ஆராய்ந்திருக்க வேண்டும். பட்டப்படிப்பைப்போலவே இதுவும் அவருடைய பின்னணிப் பயிற்சியின் பகுதி.

தூக்கமின்மை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், முறைகளை இடத்துக்கேற்ப மாற்றுவதன் தேவை விளங்கும். நெடுநாள் தூக்கமின்மைக்குச் சிந்தனை–நடத்தைச் சிகிச்சை நன்கு பயனளிக்கிறது. அதில் உள்ள அறிவுரைகளுள் ஒன்று, படுத்துச் சிறிது நேரத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டெழுந்து வேறோர் அறைக்குச் சென்று அமர வேண்டும், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதே திரும்ப வேண்டும் என்பது. ஐந்து பேர் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் ஒற்றை அறை வீட்டில் வேறோர் அறை எங்கே இருக்கிறது? நாள்தோறும் ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்பது இன்னொரு விதி; வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் ஆலைத் தொழிலாளிக்கும், துறைமுக வாயிலில் முறை வருவதற்காக லாரியிலேயே இரவைக் கழிக்கும் ஓட்டுநருக்கும், விடியலுக்கு முன்பே காசிமேட்டு ஏலத்துக்குக் கூடையோடு போய்விட வேண்டிய மீன் விற்கும் பெண்ணுக்கும் அது பொருந்தாது. ஆனாலும் அவ்விதிகளுக்கு அடியிலுள்ள கொள்கை பொருந்தும்: விழித்துக்கொண்டு புரளும் இடமாகப் படுக்கை பழகிவிடக் கூடாது. பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பது, இரவு ஷிப்ட் முடிந்து திரும்பியதும் வெளிச்சம் படாதபடி கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு படுப்பது, அந்த நேரத்தில் அவரை எழுப்பக் கூடாதென்று வீட்டாரிடம் சிகிச்சையாளரே பேசி ஒப்புதல் பெறுவது என்று அக்கொள்கைக்கு இவ்வூர் வடிவங்கள் உண்டு. எண்ணங்களை ஏட்டில் எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடமும் அப்படித்தான். எழுதிப் பழக்கமில்லாதவர் கைபேசியில் தம் குரலைப் பதிவு செய்துவந்தால் போதுமானது.

அச்சத்துக்கான சிகிச்சையில்தான் இவ்விடம் சிகிச்சையாளரை மிகக் கடுமையாகச் சோதிக்கிறது. உடலில் ஆபத்தை அறிவிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது; பேரதிர்ச்சிக்குப் பின் சிலருக்கு அது ஆபத்தில்லாத வேளைகளிலும் அலறத் தொடங்கி, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கண்முன் பழைய காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது. அதை நினைவூட்டும் இடங்களையும் ஒலிகளையும் அவர் தவிர்க்கத் தொடங்குகிறார். தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வளர்கிறது. எதிர்கொள்ளல் சிகிச்சை எனப்படும் முறை, அவர் அஞ்சுவதைச் சிறுசிறு அளவுகளில், பாதுகாப்பான சூழலில், துணையோடு சந்திக்கச் செய்து, அலறல் பொய்யானது என்பதை உடலுக்கே கற்றுக்கொடுக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கடலைப் பார்க்கவே மறுத்த குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் இம்முறையின் அடிப்படை பொருந்தியது, ஏனென்றால் அப்படிப்பட்ட அலை மிக அரிதானது. அப்பேரிடரையொட்டிக் கிடைத்த இன்னொரு பாடமும் குறிப்பிடத்தக்கது: நடந்ததை உடனடியாக விவரிக்கச் சொல்லி ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறை பின்னாளில் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருந்ததால், உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அதை விலக்கி, உணவு, உறைவிடம், உறவினர் பற்றிய தகவல், அவசரப்படுத்தாத துணை ஆகியவற்றையே முன்னிறுத்தியது. ஆழிப்பேரலைக்குப் பின் கார்கில் நகரின் தற்காலிகக் கொட்டகைகளில் இருத்தப்பட்டுப் பின்னர் அடுக்கு வீடுகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு, வீடு எப்போது கிடைக்கும் என்பதற்கான நேர்மையான பதில் எந்த மூச்சுப்பயிற்சியையும்விடப் பெரிய மருந்தாக இருந்திருக்கும்.

ஆழிப்பேரலை அரிதானது, ஆலை வாயு அப்படியன்று. 2023 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது; அதே மாதம் 26ஆம் தேதி, ஆழிப்பேரலையின் நினைவுநாளன்று, நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூரில் உள்ள உர ஆலையொன்றுக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள், பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். இதற்குப் பின் இரவில் ஏதேனும் நெடி வந்தாலே திடுக்கிட்டு எழுந்து, நெஞ்சு படபடக்க, உறங்கும் பிள்ளைகளின் மூச்சைத் தொட்டுப் பார்க்கும் ஒரு தாய் சிகிச்சைக்கு வருவதாகக் கொண்டால், அவரிடம் அந்த நெடியைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்று சிகிச்சையாளர் எப்படிச் சொல்ல முடியும்? குழாய் அங்கேயே இருக்கிறது, ஆலை அங்கேயே இருக்கிறது, வீடும் அங்கேயே இருக்கிறது. பொய் அலறலையும் உண்மை எச்சரிக்கையையும் பிரிக்காமல் இரண்டையும் சேர்த்து அடக்கச் சொல்வது சிகிச்சை ஆகாது. அது அவரை ஆபத்துக்குள் சாந்தமாக உட்காரவைப்பதாகும்.

ஆகவே இங்கே வரிசை மாறுகிறது. முதலில் உண்மையான பாதுகாப்புத் திட்டம் ஒன்று வகுக்கப்பட வேண்டும்: கசிவு என்று தெரிந்தால் காற்று எந்தத் திசையில் வீசுகிறதென்று எப்படிப் பார்ப்பது, அதற்குக் குறுக்காக எந்தத் தெரு வழியே வெளியேறுவது, அம்மோனியா நீரில் எளிதில் கரைவதால் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்வது, முதியவரைத் தூக்குவது யார், முதலில் யாருக்குப் போன் செய்வது என்பவற்றை அவர் வாயாலேயே சொல்லவைத்து, முடிந்தால் பகலில் ஒருமுறை நடந்து பார்க்கவைக்க வேண்டும். அதன் பிறகே, அத்திட்டத்தில் அடங்காத மிச்ச அச்சத்துக்கு, அதாவது இரவில் பத்து முறை எழுந்து மூச்சைப் பார்ப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மறுப்பது, பினாயில் நெடிக்கே நடுங்குவது போன்றவற்றுக்கு, எதிர்கொள்ளல் முறை படிப்படியாகக் கைக்கொள்ளப்படும். உண்மை ஆபத்தையும் மனப்பதற்றத்தையும் சேர்த்தே அணுகுவதற்கு இந்தியாவிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1984 டிசம்பர் போபால் நச்சுவாயுப் பேரிடருக்குப் பின், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ஸ்ரீனிவாச மூர்த்தியும் உடன் பணியாற்றியோரும், பாதிக்கப்பட்ட பகுதிகளில் பணிபுரிந்த பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளித்து, அவர்களுக்கென ஒரு கையேட்டையும் உருவாக்கினர். நுரையீரல் பாதிப்பால் வரும் மூச்சுத்திணறலையும் பதற்றத்தால் வரும் மூச்சுத்திணறலையும் ஒரே நோயாளியிடம் சேர்ந்தே காண வேண்டியிருக்கும் இடத்தில், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதைப் போபால் அளவுக்கு வேறெந்த ஊரும் நமக்குக் கற்பிக்கவில்லை.

துக்கத்திலும் இவ்விடத்துக்கே உரிய இரண்டு வகைகள் உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்னும்போது எஞ்சியோர் படும் துயரை, அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, முடிவு தெரியாத இழப்பு என்ற பொருளில் தனி வகையாக அடையாளம் கண்டார். தாலியை எடுப்பதா வைத்திருப்பதா, காரியம் செய்வதா காத்திருப்பதா, சட்டப்படி மரணம் ஊகிக்கப்படுவதற்குரிய ஏழாண்டுகள் வரை உதவித்தொகைக்கும் வங்கிக் கணக்குக்கும் என்ன வழி என்று ஒவ்வொரு கேள்வியும் ஒரு பழிச்சொல்லைத் தன்னுள் வைத்திருக்கிறது. நம்பிக்கையை விட்டால் அவரைக் கைவிட்டதாகும், விடாவிட்டால் வாழ்க்கை நகராது. இங்கே சிகிச்சையாளர் எந்த முடிவுக்கும் வற்புறுத்துவதில்லை. அவர் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்ற இரு எண்ணங்களையும் ஒரே நேரத்தில் தாங்கிக்கொண்டு, பிள்ளையின் படிப்பு, அடுத்த மாத வாடகை போன்றவற்றைக் கவனிக்கும் வலுவை வளர்ப்பதே அங்கு இலக்கு. யாழ்ப்பாணத்தில் போரால் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களிடையே பல்லாண்டு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இத்தகைய துயரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மட்டும் ஆற்ற முடியாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயம்பட்டிருக்கின்றன என்று தொடர்ந்து எழுதிவந்திருப்பது இக்கடற்கரைக்கும் பொருந்தும்.

மற்றொன்று, ஊரை விட்டுப் போகாமலேயே ஊரை இழப்பது. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததையும், இறால் தடவிப் பிடித்த இடங்கள் மேடானதையும், 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது அதை வாளியால் அள்ள நேர்ந்ததையும், கடலரிப்பில் வீட்டு வரிசைகள் போய்க் கருங்கல் கொட்டித் தூண்டில் வளைவுகள் வந்ததையும் பார்த்தபடியே முதுமையடைந்த ஒருவரின் சோர்வு, நோய்ப் பட்டியலில் மனச்சோர்வு என்றே பதிவாகும். ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில், நிலக்கரிச் சுரங்கங்களும் மின்நிலையங்களும் சூழ்ந்த ஊர்களில், கிளென் ஆல்பிரெக்ட் என்ற அறிஞர் இதே துயரைக் கண்டு அதற்கொரு தனிப்பெயரே இட்டார். இதற்கு மாத்திரை தேவைப்பட்டால் கொடுக்க வேண்டும். அதோடு, தம் இழப்பு உண்மையானது என்று ஒருவர் ஏற்றுக் கேட்பதும், ஆற்றைக் காக்கும் கூட்டத்துக்கோ சங்கத்துக்கோ அவர் மீண்டும் போகத் தொடங்குவதும் சிகிச்சையின் பகுதிகளே ஆகும்.

குடியின் பொருட்டு வருபவர் பெரும்பாலும் குடிப்பவர் அல்லர், அவருடைய மனைவி. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலின் குழுவினர் நடத்தி 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வுகள், உயர்பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்றால், தீங்கு தரும் அளவு குடிக்கும் ஆண்களுக்கு நான்கு அமர்வுகளுக்குள்ளும், கடும் மனச்சோர்வு கொண்டோருக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகளிலும் பயன்தர முடியும் என்று காட்டின. பின்னதில் பயன்பட்ட முறை எளிமையானது: சோர்வு நீங்கினால் வேலை செய்யலாம் என்று காத்திராமல், பொருளுள்ள சிறு செயல்களை நாளின் குறித்த நேரங்களில் மீண்டும் தொடங்கச் செய்து, செயலின் வழியாக மனநிலையை எழுப்புவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், திடீரென்று வெறுமையாகிவிடும் பகல்களை முன்கூட்டியே திட்டமிட்டு நிரப்புவதற்கு இது ஏற்றது. ஆனால் வீட்டில் அடி உதை இருக்குமானால், கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சமரசம் பேசுவது முற்றிலும் தவறு. அங்கே சொன்ன சொல்லுக்கு வீட்டில் அடி விழும். அப்பெண்ணைத் தனியே சந்தித்து, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் தெரிவித்து, அவருடைய பாதுகாப்பை முதலில் உறுதிசெய்வதே நெறி.

வாழவே வேண்டாம் என்ற எண்ணத்தோடு வருபவரிடம் அதை நேராகக் கேட்பதற்குச் சிகிச்சையாளர் அஞ்சக் கூடாது. கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை, பலருக்குக் கேட்கப்பட்டதே முதல் ஆறுதலாகிறது. சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ஸ்நேகா அமைப்பின் தொண்டர்கள், தீர்ப்புச் சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்பதையே தங்கள் பணியாகக் கொண்டவர்கள். ஐந்து நாடுகளில், சென்னை உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேர விளக்க உரையாடலும், அதன்பின் 18 மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரிக்கும் தொடர்பும் ஒரு பிரிவினருக்குக் கூடுதலாகக் கிடைத்தன. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் பின்னர் தற்கொலையால் இறந்தனர், தொடர்பு நீடித்தவர்களில் அது 0.2 விழுக்காடாக இருந்தது. ஆழ்ந்த பகுப்பாய்வு எதுவுமின்றி, எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவர் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டே இருந்தது உயிர்களைக் காத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதப்பட வேண்டும் என்று கூறித் தண்டனைக்கு மாற்றாகப் பராமரிப்பை வைத்ததால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டிய தேவை குடும்பங்களுக்கு இன்றில்லை.

தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் வடிவுடையம்மன் சன்னதிக்கும் போய்வருவதைச் சிகிச்சையாளர் தடுப்பதில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்காவை அடுத்த காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட கொடுமைக்குப் பிறகு, வழிபாடு தொடரட்டும், கட்டிவைப்பது கூடாது, மருந்து நிற்கக் கூடாது என்ற மூன்றையும் அவர் தெளிவாகச் சொல்கிறார்.

எல்லைகள் பற்றிய நெறியும் இங்கே நெகிழ்வையும் உறுதியையும் ஒருங்கே கோருகிறது. நாடி வருபவரிடம் பரிசு பெறக் கூடாது என்பது பொதுவிதி. பல வாரம் கழித்து நன்றாகத் தூங்கத் தொடங்கிய மீன்காரப் பெண், அன்றைய ஏலத்தில் எடுத்த நெத்திலியில் ஒரு பையைக் கட்டிக்கொண்டுவந்து மேசைமேல் வைத்தால், விதியைக் காட்டித் திருப்பிக் கொடுப்பது, கூடையிலிருந்து வந்ததைத் தொடமாட்டார்கள் என்ற பழைய காயத்தைக் கிளறுவதாகவே முடியும். ஒருமுறை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, இனிக் கொண்டுவர வேண்டியதில்லை, சிகிச்சை அதனால் கூடவோ குறையவோ செய்யாது என்று பேசித் தெளிவாக்குவது பொருத்தம். பணமோ நகையோ என்றால் மறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரகசியக் காப்பில் மட்டும் நெகிழ்வுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ஒருவருக்கொருவர் உறவினராக வாழும் குப்பத்தில், யார் எந்த மருத்துவரிடம் போனார் என்பது மாலைக்குள் ஊர்ப் பஞ்சாயத்து வரை எட்டிவிடும். ஆகவே தெருவில் எதிர்ப்பட்டால் வந்தவர் முதலில் பேசினாலன்றித் தாம் பேசுவதில்லை என்பதைக்கூடச் சிகிச்சையாளர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவைக்க வேண்டும். மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டமே இந்த இரகசியக் காப்பை நாடி வருபவரின் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளே விதிவிலக்கு.

நாள்தோறும் இத்தனை துயரைக் கேட்பவர் தாமும் ஒரு மூத்த சிகிச்சையாளரிடம் சென்று, பெயர் மறைத்துத் தம் பணியை எடுத்துரைத்துத் திருத்தம் பெறுவது மேற்பார்வை எனப்படுகிறது. அது இல்லாமல் பணிபுரிபவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் விரைவில் மரத்துப்போவார், அல்லது தம் கோபத்தை வந்தவர்மேல் இறக்கிவிடுவார். சிகிச்சை நாடுவோர் இதைப் பற்றி நேரடியாகக் கேட்கலாம்: என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், மேற்பார்வை உண்டா, எத்தனை அமர்வுகள் ஆகும், எப்போது நிறுத்துவோம் என்ற கேள்விகளுக்கு நல்ல சிகிச்சையாளர் தயங்காமல் விடை சொல்வார். ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குக் கட்டணமில்லை. வெளியே செல்ல இயலாதவர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஸ்நேகாவின் எண் 044–24640050.